தரை தொட்ட பிறகுதான் சோதனை: வால் சக்கர விமானம் ஏன் சுழல்கிறது?

செமோர் – சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில், மலாயாக் காடுகளின் மேல் தாழப் பறந்து வேவு பார்த்தவை 'ஆஸ்டர்' என்னும் சிறு விமானங்கள். அதற்கு முன்பே, 1947 மே 1-ஆம் தேதி, மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குக்குச் சேவை தொடங்கியது. அதில் பறந்தது ஐந்து பயணிகள் மட்டுமே அமரக்கூடிய 'ஏர்ஸ்பீட் கான்சல்'.

இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூக்கின் கீழ் சக்கரம் கிடையாது. வாலின் அடியில்தான் சிறு சக்கரம் இருக்கும். இத்தகைய விமானங்களில் விமானிக்குப் பெரிய சோதனை, சக்கரம் தரையைத் தொட்ட பிறகே தொடங்குகிறது.

காரணத்தைப் பேரங்காடியில் பார்க்கலாம். தள்ளுவண்டியின் முன் சக்கரங்கள் எப்பக்கமும் திரும்பும். கைப்பிடிப் பக்கச் சக்கரங்கள் திரும்பாது. பொருள் ஏற்றிய வண்டியை முன்னோக்கித் தள்ளிவிட்டால் நேராக ஓடும். கைப்பிடி முன்னால் போகும்படி தள்ளிவிட்டால், சற்று தூரத்தில் சுழன்று திரும்பிவிடும். திரும்பாத சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் பாரம், அவற்றை முந்தப் பார்ப்பதே காரணம்.

வால் சக்கர விமானமும் அப்படித்தான். பெரிய சக்கரங்கள் முன்னால். எடையின் மையம் அவற்றுக்குப் பின்னால். மூக்கு சற்றே விலகினாலும், பின்னால் உள்ள பாரம் அந்த விலகலைப் பெரிதாக்கும். பக்கவாட்டுக் காற்று வாலைத் தள்ளினால் நிலைமை மோசமாகும். வேகம் குறையும்போது, காற்றை நம்பியிருக்கும் சுக்கானின் பிடியும் தளர்ந்துவிடும். உடனே திருத்தாவிட்டால் விமானம் தரையிலேயே வட்டமடிக்கும். இறக்கை தரையில் உரசலாம், சக்கரத் தாங்கி முறியலாம். இதையே விமானிகள் 'கிரவுண்ட் லூப்' என்கின்றனர்.

தற்காப்பு முறை எளிது, பழக்கம்தான் கடினம். விமானம் ஓடுபாதைக்கு நேராக, பக்கவாட்டில் நகராமல் தரை தொட வேண்டும். பார்வை ஓடுபாதையின் மறுமுனையில் இருக்க வேண்டும். விலகல் தெரிந்தவுடன் பாதத்தால் சிறிது சிறிதாக, விரைவாகத் திருத்த வேண்டும். இறங்கும்போதே நேர் தவறினால், மீண்டும் மேலெழும்பி இன்னொரு முறை முயல்வதே புத்திசாலித்தனம்.

1956-இல் வந்த செஸ்னா 172 போன்ற மூக்குச் சக்கர விமானங்களில் எடை மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், விலகல் தானே நேராகும். ஆயினும் விமானி ஆக விரும்பும் நம் பிள்ளைகள் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று: விமானம் முழுதாக நிற்கும் வரை தரையிறக்கம் முடிவதில்லை.