பகைவரிடமும் அன்பு

பகைவரை நேசிக்க வேண்டும் என்ற போதனை, இயேசுவின் மலைப்பொழிவில் இடம்பெறுகிறது. மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரமும் லூக்கா நற்செய்தியின் 6-ஆம் அதிகாரமும் இதைப் பதிவு செய்கின்றன. ரோமப் பேரரசின் பிடியில் இருந்த யூத மக்களிடம் இது சொல்லப்பட்டது. பகைவர் என்பது அவர்களுக்கு வெறும் சொல் அல்ல. அன்றாடம் எதிர்ப்பட்ட மனிதர்கள்.

கடவுள் நல்லவர், தீயவர் என்று பாராமல் எல்லோருக்கும் வெயிலையும் மழையையும் தருகிறார். அவருடைய பிள்ளைகளும் அப்படியே நடக்க வேண்டும் என்பதே இந்தப் போதனையின் அடிப்படை. கிரேக்க மூலத்தில் வரும் 'அகாப்பே' என்ற அன்பு, மனத்தில் எழும் பிரியத்தைவிட, பிறர் நன்மையை நாடும் உறுதியையே குறிக்கிறது. ஆகவே தீமை செய்தவருக்காக வேண்டுவதும், அவருக்கு நன்மை செய்வதும் அந்த அன்பின் செயல்கள். நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றுகிறவன் யூதர்கள் வெறுத்த இனத்தைச் சேர்ந்தவன். இயேசுவும் சிலுவையில் தம்மைக் கொல்வோருக்காக மன்னிப்பு வேண்டினார்.

நம் காலத்திலும் இந்த அன்புக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளரிடையே பணியாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸ் தம் இரு மகன்களோடு எரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி கிளாடிஸ், கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்துத் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மன்னிப்பு குற்றத்தைச் சரியென்று ஆக்குவதில்லை. சட்டத்தின் கடமையை நீக்குவதும் இல்லை. பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடுவதே அதன் பொருள்.