வீட்டுக்கே வந்த கணிதப் பள்ளியும் பி.டி. ரோடு நண்பர்களும்

2021 ஜூன் மாதம். கொரோனா இரண்டாம் அலையில் கொல்கத்தா அடங்கிக் கிடந்தது. லோக்கல் ரயில் இல்லை, கல்லூரி இல்லை. அந்த நாட்களில் ‘டோபோஸஸ் ஆன்லைன்’ என்ற பெயரில், இணையத்தின் வழியே ஒரு கணிதப் பள்ளியும் அதைத் தொடர்ந்து ஒரு மாநாடும் ஒரு வார காலம் நடந்தன. இத்தாலியக் கணித அறிஞர் ஒலிவியா காரமெல்லோ அதன் அமைப்பாளர்களில் ஒருவர். கல்லூரியில் பல ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நானும் வீட்டில் உட்கார்ந்தபடி கேட்டேன். “அப்படி என்ன சார் அதுல இருக்கு?” என்று கேட்ட சங்க நண்பர்களுக்காகவே இக்கட்டுரை.

நம் சங்கத்துக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் என்ன கேட்கிறோம்? “தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?” உயரம், எடையைக் கேட்பதில்லை. இன்னாருக்குப் பேரன், இன்னாருக்கு மருமகன் என்று உறவுகளைச் சொல்லச் சொல்ல, ஆள் யாரென்று தெளிவாகிவிடுகிறது. 1945-இல் ஐலன்பெர்க், மெக்லேன் என்ற இருவர் தொடங்கிவைத்த ‘கேட்டகரி தியரி’யும் இதே வழியில்தான் போகிறது. ஒரு பொருளைப் பிளந்து உள்ளே பார்க்க வேண்டாம். மற்றப் பொருள்களோடு அதற்குள்ள உறவுகளை எல்லாம் அறிந்தால் போதும், அதையே அறிந்ததாகும். ஜப்பானியர் யொனேதாவின் பெயரால் வழங்கும் தேற்றத்தின் சாரம் இது.

இதன் மேல் கட்டிய மாளிகைதான் டோபோஸ். 1960-களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் குரோதெந்திக் இதை உருவாக்கினார். கிரேக்க மொழியில் டோபோஸ் என்றால் ‘இடம்’. கொல்கத்தாவுக்கு வரைபடம் போட வேண்டும் என்று வையுங்கள். வார்டு வார்டாக ஆளுக்கு ஒரு தாளில் வரைகிறோம். அடுத்தடுத்த தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரங்களில் தெருக்கள் ஒத்துப்போனால், எல்லாவற்றையும் ஒட்டி முழு நகரத்துக்கும் ஒரே படம் ஆக்கிவிடலாம். இப்படி இடத்துக்கு இடம் கிடைக்கும் தகவலைப் பிசகில்லாமல் ஒட்டித் தரும் அமைப்புகள் உண்டு. அவை அனைத்தும் சேர்ந்த உலகமே ஒரு டோபோஸ்.

அந்த உலகத்தில் தர்க்கமும் மாறுகிறது. “கொல்கத்தாவில் இப்போது மழையா?” என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒற்றைப் பதில் சொல்ல முடியுமா? பாலிகஞ்சில் கொட்டுகிறது, டம்டமில் வெயில் அடிக்கிறது. எங்கெங்கே பெய்கிறதோ அந்த இடங்களின் தொகுப்பே சரியான பதில். டோபோஸில் உண்மைக்கும் இப்படி இடம் உண்டு. ஒன்று உண்மை, இல்லையேல் பொய் என்ற பழைய விதி அங்கே எப்போதும் செல்லும் என்று சொல்ல முடியாது.

இது வெறும் மனக்கணக்கு விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்த்ரே வெய் 1949-இல் சில ஊகங்களை வெளியிட்டார். (1930-களின் தொடக்கத்தில் அலிகாரில் பேராசிரியராக இருந்தவர் இவர்.) குரோதெந்திக் செய்து வைத்த இந்தக் கருவிகளைக் கொண்டுதான் அவற்றில் கடினமானதை 1974-இல் பியேர் டெலீன் நிரூபித்துக் காட்டினார்.

சரி, நான் கேட்ட பாடம் என்ன ஆயிற்று? உண்மையைச் சொல்கிறேன். மூன்றாம் நாளே பின்தங்கிவிட்டேன். உலகின் பெரிய ஆசிரியர்கள் என் மேசைக்கே வந்தார்கள். ஆனால், “இந்த வரி புரியலையே” என்று பக்கத்தில் திரும்பிக் கேட்க ஓர் ஆள் இல்லை.

அப்போதுதான் நம் ஊர் பி.டி. ரோடு நினைவுக்கு வந்தது. அங்குள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பேராசிரியர் மஹலனோபிஸ் 1931-இல் நிறுவியது. 1950-களின் இறுதியிலும் 60-களின் தொடக்கத்திலும் கே.ஆர். பார்த்தசாரதி, ஆர். ரங்க ராவ், வி.எஸ். வரதராஜன், எஸ்.ஆர்.எஸ். வரதன் ஆகிய நால்வர் அங்கே ஆய்வு மாணவர்கள். ரங்க ராவைத் தவிர மூவரும் சென்னைக் கல்லூரிகளில் படித்து வந்தவர்கள். அருவமான வெளிகளின் மீது நிகழ்தகவு என்ற புதிய துறையை ஒருவருக்கொருவர் பாடம் சொல்லியே கற்றார்கள். தொழிற்சாலைப் புள்ளியியல் படிக்கலாம் என்று வந்த வரதனைக் கணிதத்தின் பக்கம் இழுத்ததும் இந்த மூத்த நண்பர்கள்தான். 1963-இல் பார்த்தசாரதி, ரங்க ராவ், வரதன் மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரையே வெளியிட்டனர். வரதனின் ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவர் ரஷ்ய மேதை கோல்மோகோரோவ். அதே வரதனுக்கு 2007-இல் ஆபெல் பரிசு கிடைத்தது.

அவர்களுக்கு இணையம் இல்லை, கூட்டாளிகள் இருந்தார்கள். நமக்கு இணையம் இருக்கிறது, கூட்டாளிதான் இல்லை. பிறகு நானும் என் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, பழைய மாணவர்கள் இருவரோடு வாரம் ஒரு நாள் போனில் உட்கார்ந்தேன். நாலு மாதத்தில் முதல் மூன்று நாள் பாடம் பிடிபட்டது. மெதுவாகத்தான், ஆனாலும் பிடிபட்டது.

நம் பிள்ளைகளில் கணக்கில் ஆசையுள்ளவர்கள், “இன்ஜினியரிங் கிடைக்கலையா?” என்ற கேள்விக்குக் கூசிக்கொண்டு தனியே படிக்கிறார்கள், தனியே சோர்ந்தும் போகிறார்கள். இதுபோன்ற வகுப்புகள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சங்கத்து அறையை ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைப்போம். ஒரு திரை, ஒரு கரும்பலகை, நாலு பிள்ளைகள், நடுவே ஃபில்டர் காபி. “நிறுத்து, இது எனக்குப் புரியலை” என்று ஒரு பிள்ளை கூசாமல் சொன்னால் போதும். பள்ளி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.