பிள்ளைக்கு ஏற்ற கணினி எது?

ஆறாம் வகுப்பில் பயிலும் பிள்ளைக்குக் கணினி வாங்க எண்ணும் பெற்றோர் முதலில் ஆராய வேண்டியது விலையை அன்று. அது எங்கே, எத்தனை ஆண்டுகள் பயன்படும் என்பதையே.

மேசைக் கணினியைக் கூடத்தில் வைத்தால், பிள்ளை பார்ப்பது பெரியவர்களின் கண்ணிலும் படும். விசைப்பலகை பழுதானால் அதனை மட்டும் மாற்றலாம். நினைவகம் போதாவிடில் கூட்டிக்கொள்ளலாம். மின்தடையைச் சமாளிக்க யூ.பி.எஸ். தேவை, அச்செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.

மடிக்கணினி, விடுதியிலும் வகுப்பிலும் பயிலும் மாணவருக்கு உரியது. அதன் மின்கலம் நாளடைவில் வலுவிழக்கும். இன்று தவணையில் வாங்குவது, பிள்ளை கல்லூரியில் சேரும்போது பழையதாகியிருக்கும்.

எனவே, பள்ளிப் பருவத்தில் மேசைக் கணினியே போதும். மடிக்கணினிக்கெனத் தொடர் வைப்பில் மாதந்தோறும் சிறு தொகை சேமித்து வரலாம். படிப்பை முடிக்கக் கணினி இன்றியமையாததெனில், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் அச்செலவுக்கும் இடமளிக்கிறது.