தண்டும் வடமும் – 9: வளைந்தது எலும்பு, காரணம் நரம்பா?

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முதுகெலும்பு முன்னும் பின்னுமாகச் சற்று வளைந்திருக்கும், அது இயல்பு. பின்னாலிருந்து பார்த்தால் நேர்க்கோடாகத் தெரிய வேண்டும். அப்படி இல்லாமல் ஒரு பக்கமாக வளைந்து, முள்ளெலும்புகள் தம் அச்சிலேயே திருகியும் போவது ஸ்கோலியோசிஸ், அதாவது பக்கவளைவு. ஊர்வழக்கில் இதையும் கூன் என்றே சொல்லிவிடுகிறார்கள். கூன் முன்பக்கமாக வளைவது, இது வேறு. எக்ஸ்ரேயில் வளைவின் கோணத்தை அளக்கும் முறையை ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-ல் வகுத்துத் தந்தார். அந்தக் கோணம் 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் பக்கவளைவு.

வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பெரிதாவது பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கே. பொதுவாக வலி இல்லாததால் பிள்ளைக்குத் தெரியாது. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது ஒரு தோள் ஏறியிருப்பதும், பின்னல் போடும்போது ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு துருத்துவதும்தான் முதலில் கண்ணில் படும். புத்தகப் பையின் பாரமோ, தறியில் குனிந்து உட்காருவதோ இந்த வளைவை உண்டாக்குவதில்லை.

ஆந்திராவின் நகரி வட்டாரத்தில் எலும்புக் கோளாறு என்றதும் நினைவுக்கு வருவது அடுத்த ஊரான புத்தூரின் எலும்புக் கட்டு. முறிந்த எலும்பை அசையாமல் நிறுத்தினால் அது கூடும். கட்டின் அடிப்படை அதுதான். பக்கவளைவிலோ எலும்பு முறியவும் இல்லை, மூட்டு விலகவும் இல்லை. வளரும்போதே கோணலாக வளர்கிறது. கட்டிச் சேர்க்க அங்கே எதுவும் இல்லை.

தசை தளர்ந்தால்

முதுகெலும்பை நேராக நிறுத்துபவை இரு பக்கத் தசைகள். அவற்றுக்கு ஆணையிடுபவை மூளையும் தண்டுவடமும். பாவு ஒரு பக்கம் தளர்ந்து ஒரு பக்கம் விறைத்தால் தறியில் துணி கோணிப்போவதைப் போல, நரம்பின் ஆணை இரு பக்கமும் சமமாக வராவிட்டால் வளரும் முதுகு சாயும்.

இதை உலகுக்குக் காட்டியது போலியோ. தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களைப் போலியோ அழித்த பிள்ளைகளுக்குக் காலோடு முதுகும் கோணியது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் மருத்துவர் பால் ஹாரிங்டன் 1950-களில் முதுகெலும்பை நிமிர்த்தும் எஃகுக் கம்பியை உருவாக்கியது அத்தகைய பிள்ளைகளுக்காகத்தான். திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பேர்டு மருத்துவமனையும் 1980-களில் போலியோவால் முடங்கியவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டதே. இயற்கைப் போலியோ வைரஸால் இந்தியாவில் வந்த கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச்சில் நாட்டுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது.

போலியோ போனாலும் நரம்பு, தசை நோய்களால் வரும் வளைவு போகவில்லை. மூளை முடக்குவாதம், டுஷென் தசைச் சிதைவு, முதுகுத்தண்டுத் தசைநலிவு ஆகியவை இன்று முன்னால் நிற்கின்றன. இவற்றில் முதுகு முழுவதும் ஒரே நீண்ட வில்லாக வளையும். இடுப்பும் ஒரு பக்கம் சரியும். பிள்ளையால் கையூன்றாமல் உட்கார முடியாது. விலா நெருக்குவதால் நுரையீரலுக்கு இடம் குறையும். வளர்ச்சி நின்ற பிறகும் இவ்வளைவு கூடிக்கொண்டே போவதுண்டு.

ஒளிந்திருக்கும் காரணங்கள்

மேலே சொன்னவற்றில் நோய் முதலில் தெரியும், வளைவு பிறகு வரும். சில நோய்களில் வளைவே முதல் அடையாளம். சிறுமூளையின் அடிப்பகுதி மண்டையோட்டுத் துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்குவது கியாரி கோளாறு. ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் 1891-ல் விவரித்தது. அதனால் திரவ ஓட்டம் தடைபட்டு, தண்டுவடத்துக்குள்ளேயே நீர்க்குழி உருவாகலாம்; இது சிரிங்கோமயிலியா. தண்டுவடத்தின் நுனி கீழே ஒட்டிக்கொண்டு, உயரம் கூடக் கூட இழுபடுவது இன்னொன்று. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்ற மரபுநோயும் முதுகைக் கோணச் செய்யும்.

இவற்றைச் சந்தேகிக்கச் சில தடயங்கள் உண்டு. நெஞ்சுப் பகுதி வளைவு வழக்கமாக வலப்பக்கம் புடைக்கும். இடப்பக்கம் புடைத்தால் கவனிக்க வேண்டும். பத்து வயதுக்குள் தொடங்குவது, மளமளவென்று கூடுவது, இரவில் எழுப்பும் வலி, இருமினால் பின்னந்தலையில் வலி, ஒரு பாதம் மட்டும் குழிந்திருப்பது, சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவையும் அப்படியே. கீழ்முதுகில் முடிக்கற்றையோ குழியோ இருக்கிறதா, உடலில் பால்காபி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ உண்டா என்றும் பார்க்க வேண்டும். தொப்புளைச் சுற்றி நான்கு பக்கமும் லேசாகக் கீறினால் வயிற்றுத் தசை சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் சுருங்காவிட்டால் தண்டுவடத்தில் கோளாறு இருக்கலாம். கருவி எதுவும் கேட்காத இந்தச் சோதனை எந்த மருத்துவமனையிலும் செய்யக்கூடியது.

தடயம் தெரிந்தால் மூளையின் அடி முதல் தண்டுவட நுனி வரை எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பத்து வயதுக்குள் தொடங்கி 20 பாகையைத் தாண்டிய வளைவுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உள்ளே ஏதேனும் கோளாறு தென்படுகிறது. வளரிளம் பருவத்தில் வரும் வழக்கமான வளைவுகளில் அது மிகக் குறைவு.

எது முதலில்?

காரணம் தெரியாத வளைவுகள் பத்தில் எட்டு. அவற்றுக்குக் கோணமும், இன்னும் மிச்சமிருக்கும் வளர்ச்சியும்தான் வழிகாட்டி. 25 பாகை வரை ஆறு மாதத்துக்கொரு முறை கண்காணிப்பு. 25 முதல் 45 வரை, வளரும் பிள்ளைக்கு உடற்கவசம். 50-ஐ நெருங்கினால் அறுவை சிகிச்சை.

நரம்புக் கோளாறு இருந்தால் வரிசை மாறும். கியாரியில் முதலில் நரம்பு அறுவை மருத்துவர் பின்னந்தலையில் இடம் உண்டாக்கித் திரவம் ஓட வழிசெய்வார். பிள்ளை சிறியதாகவும் வளைவு குறைவாகவும் இருந்தால், அதன் பிறகு வளைவு நின்றுவிடலாம்; குறையவும் செய்யலாம். உள்ளிருப்பதை அறியாமல் கம்பி வைத்து நிமிர்த்தினால், ஏற்கெனவே நெருக்கப்பட்ட தண்டுவடம் மேலும் இழுபட்டுக் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு.

எலும்பு, நரம்பு ஆகிய இரு துறைகளும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. நகரிக்காரர்களுக்கு ஒரு பக்கம் திருப்பதியில் பேர்டும் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இருக்கின்றன. மறுபக்கம் வேலூர் சி.எம்.சி.; இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது அங்கேதான். எந்த வழியில் போனாலும் எக்ஸ்ரேயோடு நிறுத்திவிடாமல், பாதத்தையும் வயிற்றையும் தோலையும் ஒருமுறை பார்த்த பிறகே முதுகைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

(தொடரும்)