சாலி எங்கே தேடுவாள்?

ஆட்டிசம் உள்ள பிள்ளை முகம் பார்த்துப் பேசலேன்னா, "தாய் வளர்ப்பு சரியில்ல"ன்னு சொல்றவங்க இன்னமும் இருக்காங்க. 1950, 60களில் அமெரிக்க மருத்துவர்கள் சிலரே அப்படி எழுதினார்கள். அது தவறு என்று பின்னால் தெரிந்தது.

1985-ல் லண்டனில் இருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. செய்தவர்களில் ஒருவர் சைமன் பேரன்-கோஹன், முனைவர் பட்ட மாணவர். வழிகாட்டி உட்டா ஃபிரித் என்ற பெண்மணி. பெரிய கருவியெல்லாம் இல்லை, இரண்டு பொம்மைதான். சாலி கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் ஒளிக்கிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? கூடையில்தானே! மாற்றி வைத்தது அவளுக்குத் தெரியாதே.

சாதாரணப் பிள்ளைகள் 27 பேரில் 23 பேரும், டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேரும் சரியாகச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள 20 பேரில் 16 பேர் பெட்டியையே காட்டினார்கள். இத்தனைக்கும் கோலி முதலில் எங்கே இருந்தது, இப்போது எங்கே என்று கேட்டால் எல்லோருமே சரியாகச் சொன்னார்கள். ஆக, ஞாபகக் குறைவு இல்லை. அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு ஊகிக்கிறதுதான் அவர்களுக்குக் கஷ்டம். (நாலு பேர் சரியாகச் சொன்னதையும் மறக்கக்கூடாது. எல்லாப் பிள்ளையும் ஒண்ணுபோல இல்ல.)

அம்மா முகத்தைப் பார்த்தே அவனாப் புரிஞ்சுக்கணும்னு எதிர்பார்த்து, பிடிவாதம்னு அடிச்சா என்ன பயன்? "அம்மாவுக்குத் தலைவலி, சத்தம் போடாதே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்றரை வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத பிள்ளையை அரசு மருத்துவமனைக் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள்.