பெரியம்மாவின் கட்டில் மூலைக்குப் போனது

நேற்று மாலை வரை நடுவரிசையில் இருந்த பெரியம்மாவின் கட்டிலை இன்று சுவரோரம் தள்ளியிருந்தார்கள். தலைமாட்டில் மலாய் மொழியில் ஓர் எச்சரிக்கை அட்டை. கால்மாட்டில் சிறு தள்ளுவண்டி, அதில் மஞ்சள் அங்கிகளும் கையுறைப் பெட்டியும். வழக்கம்போல நேரே கட்டிலருகே போகப் பார்த்த என்னைத் தாதி மறித்தார்.

“அங்கிள், கவுன் போட்டுட்டுப் போங்க. வெளிய வரும்போது கழட்டி அந்தத் தொட்டியில போட்டுட்டு கைய கழுவுங்க. பக்கத்துக் கட்டில் பக்கம் போயிடாதீங்க.”

நிமோனியா என்றுதான் சேர்த்திருந்தோம். மூச்சுக்கருவியில் அன்று எட்டாம் நாள். சளியைப் பரிசோதித்ததில் ‘அசினெட்டோபேக்டர்’ என்ற கிருமி வளர்ந்திருப்பதாகவும், கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் மெரோபெனெமுக்குக்கூட அது மசியவில்லை என்றும் டாக்டர் சொன்னார்.

“வீட்டுல இருந்து கொண்டு வந்ததா டாக்டர்?” என்று அண்ணன் கேட்டார்.

“இல்ல அங்கிள். இங்க வந்து பிடிச்சது.”

அந்த இளம் டாக்டர் மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. இது நடந்தது ஜொகூரில் ஒரு மருத்துவமனையில். பெயர் வேண்டாம். உலகத்தில் எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவின் பெயரைப் போட்டாலும் கதை ஏறக்குறைய இதுதான். அண்ணனின் கேள்வியை மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகலாம்: எங்கிருந்து வந்தது?

முதல் பதில், கைகளிலிருந்து. அசினெட்டோபேக்டர் ஆரோக்கியமாக நடமாடும் மனிதரை அனேகமாக ஒன்றும் செய்யாது. ஆனால் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கட்டில் கம்பி, மானிட்டர் பொத்தான், திரைச்சீலை, டாக்டரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும். பெரியம்மாவின் தொண்டைக்குள் ஒரு குழாய், கழுத்து ரத்தநாளத்தில் ஒன்று, சிறுநீர்ப் பையில் ஒன்று. உயிரைப் பிடித்துவைத்திருந்த அந்த மூன்றும்தான் கிருமிக்கும் வாசல்.

இந்தப் பிரிவில் கிடப்பவர்கள் எவ்வளவு நிராதரவானவர்கள் என்பதை ஜொகூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 அக்டோபர் 25ஆம் தேதி ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்தபோது ஆறு நோயாளிகள் இறந்தார்கள். எழுந்து ஓட முடியாதவர்கள். தீ என்றால் புகை தெரியும், விசாரணைக் குழு அமைப்பார்கள், நாளிதழில் முதல் பக்கம் கிடைக்கும். கிருமியால் போகிறவரின் இறப்பை ‘நிமோனியா’, ‘ரத்தத்தில் கிருமி’ என்ற பொதுப் பெயரோடு முடித்துக்கொள்கிறோம். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடியாகக் காவுகொண்ட உயிர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 1.27 மில்லியன் என்று ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

கை கழுவினால் போதாதா என்று கேட்கலாம். 1847இல் வியன்னா மகப்பேற்று மருத்துவமனையில் செம்மல்வைஸ் நிரூபித்த விஷயம்தான். ஆனால் அன்று மாலை நான் எண்ணிப் பார்த்தேன். கால் மணி நேரத்துக்குள் அந்தத் தாதி பெரியம்மாவைத் தொட்டது ஏழு முறை. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் கையில் திரவம் தேய்க்க வேண்டும். மூச்சுக்கருவியில் இருப்பவருக்கு ஆளுக்கொரு தாதி என்றால் அது நடக்கும். இடையில் பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடித்து, அதையும் இவரே பார்க்க வேண்டியிருந்தால்? அரசு மருத்துவமனைகளின் நெரிசல் நாடாளுமன்றம் வரை பேசித் தீராத விஷயம். பழகிய தாதிகளை ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் டாலர் இழுக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கிருமிப் பரவலைத் தாதியின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆள் பற்றாக்குறை என்று எழுதுவதே நியாயம்.

இரண்டாவது பதில் இன்னும் தூரத்தில் இருக்கிறது. கிருமி கையில் வந்தது சரி, அதற்கு மருந்தை எதிர்க்கும் திறன் எங்கிருந்து வந்தது?

நம் வீட்டு முனையிலிருக்கும் கிளினிக்கிலிருந்து தொடங்கலாம். 2014ஆம் ஆண்டு மலேசியக் கிளினிக்குகளில் எடுத்த கணக்கில், தனியார் கிளினிக்குக்கு வந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 31 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது. அரசு கிளினிக்கில் சுமார் 7 பேருக்குத்தான். சளி, தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் காசு கொடுத்துவிட்டு வெறும் பனடோலோடு திரும்ப நமக்கு மனம் வருவதில்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம்பிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்! இங்கே மருந்து எழுதுகிறவரே மருந்தை விற்கவும் செய்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு கோழி. பெரியம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே மருந்து கொலிஸ்டின். 1940களின் இறுதியில் ஜப்பானில் கண்டெடுத்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதால் 1970களில் டாக்டர்கள் அதை ஏறக்குறைய கைகழுவிவிட்டார்கள். வேறெதுவும் வேலை செய்யாத காலம் வந்ததும் மறுபடி அலமாரியிலிருந்து எடுத்தார்கள். ஆனால் மனிதர்கள் ஒதுக்கிவைத்த அந்த இடைவெளியில் உலகின் பண்ணைகள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தின, கோழித் தீவனத்தில், பன்றித் தீவனத்தில். 2015இல் சீனாவில் ஒரு மரபணுவை அடையாளம் கண்டார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது, தாவிய இடமெல்லாம் கொலிஸ்டினைச் செல்லாக்காசாக்குவது. மலேசியா 2019 ஜனவரி 1 முதல் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடைசெய்தது. அதே ஆண்டு இந்தியாவும் தடை போட்டது. நாட்டின் முன்னணிக் கோழி மாநிலங்களில் ஒன்று ஜொகூர். நாம் தின்பது போக, தினமும் லாரி லாரியாகச் சிங்கப்பூருக்கும் போகிறது. அந்தத் தடை தாமதமாக வந்தது என்பதே என் எண்ணம். வந்ததே பெரிது என்பதும்தான்.

தமிழர்களுக்கு இந்தக் கதையில் தனிப் பங்கும் உண்டு. என்.டி.எம்.-1 என்ற மருந்தெதிர்ப்பு நொதியைக் கொண்ட கிருமிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று 2010இல் உலகுக்குச் சொன்ன ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. அதன் பெயரில் புதுதில்லி ஒட்டிக்கொண்டதற்கு இந்தியாவில் எழுந்த கூச்சல் பெரிது. நொதியைப் பற்றிய கவலை அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் இரண்டே ஆண்டில், 2012 ஆகஸ்டில், மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஆன்டிபயாட்டிக்கைக் கட்டுப்படுத்த ஒரு பிரகடனம் தயாரித்தன.

பெரியம்மாவுக்குக் கொலிஸ்டின் ஏறிய நாள்களில் தாதி மணிக்கொரு தரம் குனிந்து சிறுநீர்ப் பையின் அளவுக்கோட்டைப் பார்த்துக் குறித்தார். 40 மில்லி, 35, ஒரு விடியற்காலையில் 10. அன்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு மெல்ல ஏறியது. இருபத்து மூன்றாம் நாள் அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அவருடைய மருத்துவக் குறிப்பில் அந்தக் கிருமியின் பெயர் இருக்கிறது. உடம்பில் நோயே இல்லாவிட்டாலும் இத்தகைய கிருமிகள் தோலிலும் குடலிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கக்கூடும். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படியொரு குறிப்பு இருந்தால், அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பதிவு முகப்பிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் யாரோ ஒருவருடைய பெரியம்மாதான்.