மாரிக்கு முதல் எழுதவேண்டிய கடிதம்

கொக்குவிலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஓட்டு வீட்டில், மழை பிடித்தால் நடு அறைக்குள் இரண்டு வாளியும் ஒரு சருவமும் வைப்பது மூன்று மாரியாக வழக்கமாயிருந்தது. கூரையால் வடியும் தண்ணீர் சாயத்தண்ணி நிறத்தில் இருக்கும். மரத்திலுள்ள கறையான் மண்ணைக் கழுவிக்கொண்டு வருவதால் அந்த நிறம். ஒரு கார்த்திகை இரவு, மகளின் கட்டிலுக்கு நேர் மேலே உழுத்துப்போன சிலாகை முறிந்து மூன்று ஓடுகள் விழுந்தன. காய்ச்சல் என்று அவள் அன்றைக்கு என்னோடு படுத்திருந்தாள். லைட்டைப் போட்டுப் பார்த்தால் அவளுடைய தலையணை முழுக்க ஓட்டுத் துண்டு.

அதுவரை நான் செய்ததெல்லாம் வாயால் சொன்னதுதான். வீட்டுக்கார அன்ரி ரொறன்ரோவில் இருக்கிறா. மாதம் மாதம் வாடகை வாங்க வருகிறவர் அவவின் பெறாமகன். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "வாற சமருக்கு வருவினம் அக்கா, வந்து பாத்துச் செய்வினம்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் காசும் இல்லை, முடிவெடுக்கும் உரிமையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருக்கும் கனபேருக்கு இதுதான் நிலைமை. வீட்டுக்காரர் கனடாவில், லண்டனில், சுவிஸில். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்து, அடுத்த வருஷம் சனம் திரும்பியபோது, கையில் கிடைத்த மரத்தையும் ஓட்டையும் வைத்து அவசரமாகத் திருத்திய கூரைகள் இங்கே ஏராளம். எங்கள் வீட்டுக் கூரையும் அதில் ஒன்று.

சட்டம் எங்கே நிற்கிறது?

விடிந்ததும் கூரைக்குத் தறப்பாள் கட்டிவிட்டு, சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போனேன். வருமானம் குறைந்தவர்களுக்கு உதவ 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அமைப்பு அது. அங்கே விளங்கிக்கொண்டவற்றை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஆனால் 1980இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் அதற்குள் வராது. அப்படியான வீடுகளுக்கு, ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டமே பொது விதி. குடியிருக்கக் கொடுத்த வீட்டைக் குடியிருக்கத்தக்க நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்பது அதன் அடிப்படை.

இதைக் கேட்டதும், திருத்தும்வரை வாடகையை நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றியது. அதுதான் பெரிய பிழை. வாடகை நிலுவையானால், குறை சொன்ன நாமே குற்றவாளி ஆகிவிடுவோம், எழும்பச் சொல்ல அதுவே காரணமாகும். வாடகையை நேரத்துக்குக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல், திருத்தச் செலவை வாடகையில் கழிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. ஒரு வருஷம் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதவேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசிடம் போகும்போது, கூரை, வயரிங், மோட்டர், மலகூடக் குழி ஆகியவற்றை யார் திருத்துவது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு வீட்டுக்காரர் என்றால், அற்றோணித் தத்துவம் யாரிடம் இருக்கிறது என்பதையும் அன்றைக்கே கேட்டுவையுங்கள்.

நான் எழுதியது

அன்று பின்னேரமே கடிதம் எழுதினேன். எந்த அறை, என்ன சேதம், எந்தத் திகதியிலிருந்து, யாரிடம் எத்தனை தரம் சொன்னேன் என்று ஒவ்வொன்றாக. தச்சரைக் கூட்டிவந்து காட்டி, மாற்றவேண்டிய சிலாகை, ஓடு, கூலி எல்லாவற்றுக்கும் அவர் எழுதித் தந்த கணக்கையும் வைத்தேன். பதினான்கு நாளுக்குள் பதில் தரும்படி கேட்டேன். ஒரு பிரதியைப் பெறாமகனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இன்னொன்று, படங்களோடு, வட்ஸ்அப்பில் ரொறன்ரோவுக்குப் போனது.

அன்று இரவே அன்ரி எடுத்தா. "அது என்ரை அம்மா படுத்த அறை பிள்ளை. ஒழுகுது எண்டுதான் சொன்னவை. இப்பிடிக் கிடக்குதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்று அழுதா. மூன்று வருஷமாக அவவின் காதுக்குப் போனது 'ஒழுகுது' என்ற ஒரு சொல் மட்டுந்தான். அடுத்த கிழமை காசு வந்தது. ஐந்து நாளில் கூரை வேலை முடிந்தது.

எல்லோருக்கும் இப்படி அமையாது. பதில் வராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. இரு பகுதியையும் இருத்திக் கதைத்து இணக்கத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. அங்கேயும் முதலில் கேட்பது எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான்.

எங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு. பீலியில் அடைந்த சருகை அள்ளுவதும், தேய்ந்த பைப் வாசரை மாற்றுவதும் குடியிருப்பவரின் வேலை. பீலியில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால், 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் உரிமையாளரோடு குடியிருப்பவரையும் கேட்கும்.

மழை தொடங்கியபின் கூரை வேலைக்கு ஆள் பிடிப்பது லேசில்லை. ஈர ஓட்டில் ஏற அவர்களும் பயப்படுவார்கள். ஆவணியில் ஒரு நாள், வெயிலேறிய நேரம் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் எந்த இடத்தால் உள்ளே வருகிறதோ, தண்ணீரும் அந்த வழியால்தான் வரும். அதைப் படமெடுத்து, திகதி போட்டு, அன்றைக்கே கடிதம் எழுதுங்கள்.